பாசிகளும் அவற்றின் வித்திப் பேழைகளும்

பாசி என்பது தமிழில் பல பொருள்களைத் தாங்கி நிற்கும் ஒரு சிறு சொல். குளத்து நீரின் மேல் மிதப்பதும் பாசி. மாரிக்காலத்தில் மதிலிற் படர்வதும் பாசி. கடலுக்கடியிற் பாறையைப் பற்றி வளர்வதும் பாசி. பசுமை என்னும் பண்பே இப்பெயருக்கு வேர். பச்சை நிறமுள்ள பயற்றைப் பாசிப்பயறு என்று வழங்குவதும் இக்காரணம் பற்றியே. அன்றாட வாழ்க்கைக்கு இந்தப் பொதுப்பெயர் போதும். கிணற்றடியில் வழுக்கும் பாசியைத் தேய்த்துக் கழுவுகின்றவர், அது எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்று ஆராய வேண்டியதில்லை. ஆயினும், ஒரு பாசியைக் கடலிலிருந்து எடுத்து விற்றுப் பிழைக்கின்றவருக்கும், அதனை மருந்துக்கும் உணவுக்கும் வாங்குகின்றவருக்கும், அதனைப் புதிதாக ஒரு கடலிற் பயிரிட எண்ணுகின்றவருக்கும் அது எந்தப் பாசி என்னும் வினா மிகவும் இன்றியமையாதது. மன்னார்த் தீவையும் அதனைச் சூழ்ந்த கடலையும் முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது பொருத்தமாகும். பெயரினால் உண்டான ஒரு பெருங் குழப்பம் இக்கடலோடு தொடர்புடையதாகவே இருக்கின்றது.

ஆங்கில வணிகர்கள் "சிலோன் மொஸ்", அதாவது இலங்கைப் பாசி, என்று ஒரு சரக்கைக் குறிப்பிட்டு வந்தனர். மன்னார், புத்தளம், யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களின் ஆழமற்ற கடலிலும் களப்பிலும் கிடைக்கும் மெல்லிய நார் போன்ற ஒரு தாவரமே அது. எதிர்க்கரையான இராமேசுவரம், மண்டபம் பகுதிகளில் இதனைக் கஞ்சிப்பாசி என்பர். நீரிலிட்டுக் காய்ச்சினால் கஞ்சி போலக் குழைந்து, ஆறியதும் உறைந்துவிடும் தன்மை இதற்கு உண்டு. 1830களில் கல்கத்தாவிலே பணியாற்றிய ஓசோனசி என்னும் மருத்துவர், நோயாளர்க்கு ஏற்ற இலேசான உணவென இதனை மேனாட்டு மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். ஆனால் "மொஸ்" என்னும் ஆங்கிலச் சொல் நிலத்திலும் மரப்பட்டையிலும் வளரும் பசும்பாசிக்கு உரியது. இலங்கைப் பாசியோ அந்த இனத்தைச் சார்ந்ததன்று. அது செம்பாசி என்னும் முற்றிலும் வேறான கூட்டத்தைச் சேர்ந்தது. உயிருள்ளபோது அதன் நிறங்கூடப் பெரும்பாலும் பசுமையன்று. செம்மையும் கபிலமும் கலந்த நிறமே அதற்கு உரியது.

அவ்வாறாயின் ஒரு தாவரம் எதற்கு உறவு, எதற்கு அயல் என்பதை எவ்வாறு தீர்மானிப்பது? உருவத்தை நம்புவதற்கில்லை. ஒரே தாவரம் அலைமோதும் பாறையில் ஒரு வடிவத்திலும் அமைதியான களப்பில் வேறொரு வடிவத்திலும் வளரும். நிறம் வெயிலுக்கு ஏற்ப மாறும். அளவு பருவத்துக்கு ஏற்ப மாறும். ஆனால் தன் இனத்தைப் பெருக்குவதற்குத் தாவரம் அமைத்துக்கொள்ளும் உறுப்பு அத்துணை எளிதில் மாறுவதில்லை. பூக்கும் தாவரங்களுக்குப் பூவும் கனியும் எவ்வாறோ, அவ்வாறே பூவாத பாசிகளுக்கு வித்தியைத் தாங்கும் பேழை. வித்தி என்பது தூள் போன்ற ஒற்றைக் கலம். விதையில் உள்ளது போன்ற முளை அதில் இல்லை. எனினும் ஒரு புதிய தாவரத்தைத் தோற்றுவிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பேழையின் முடிந்த வடிவத்தை மட்டுமன்றி, அது முதற் கலத்திலிருந்து படிப்படியாக உருவாகும் முறையையும் கண்டறிந்தபோதுதான் பாசிகளின் உறவுமுறை தெளிவாயிற்று.

முதலில் நிலத்துப் பாசியைக் காண்போர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். மன்னார் வறண்ட நாடு. ஆண்டின் பெரும்பகுதி காற்றும் வெயிலும் மணலுமே அங்கு ஆட்சி புரிகின்றன. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றே மழையைக் கொணர்கின்றது. போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டிற் கட்டி, ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டிற் கைப்பற்றிய கோட்டையின் மதில்களைப் போன்ற பழஞ் சுவர்களின் நிழற் பக்கங்களும் கிணற்றுக் கட்டுகளும் அக்காலத்திற் பசுமை பூண்கின்றன. மழை நின்றதும் அப்பசுமை கருகிச் சுருங்கும். மறுமழையில் மீண்டும் உயிர்க்கும். இவ்வாறு காய்ந்தும் தளிர்த்தும் வாழும் ஆற்றல் நிலத்துப் பாசிகளுக்கே உரிய சிறப்புகளுள் ஒன்று. வேரும் நீர்க்குழாய்களும் உயர் தாவரங்களுக்கு உள்ளவை போல் அவற்றுக்கு அமையவில்லை. உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சி, உடல் முழுவதாலும் இழக்கின்றன.

இலங்கையின் பாசிச் செல்வம் மலைநாட்டிலேயே மிகுதி. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்சு என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சேகரித்த பாசிகளை இங்கிலாந்திலிருந்த மிற்றன் என்பார் ஆராய்ந்து பெயரிட்டார். மலைநாட்டு வீதியோர மண்கரைகளிற் காணப்படும் போகோனேற்றம் என்னும் பாசியைக் கல்லூரி மாணாக்கர் நன்கறிவர். அதன் இலைத் தண்டின் உச்சியிலிருந்து மெல்லிய காம்பொன்று எழும். காம்பின் நுனியில் ஒரு சிறு சிமிழ் இருக்கும். அச்சிமிழின் மேல் மயிரடர்ந்த தொப்பியொன்று கவிழ்ந்திருக்கும். தொப்பி விழுந்ததும் மூடி தெரியும். மூடி கழன்றதும் வாய் தெரியும். அவ்வாயைச் சுற்றிப் பற்கள் வரிசையாக நிற்கும். இதுவே பாசியின் வித்திப் பேழை.

இப்பேழை யாது என்பதில் அறிஞர்களே முதலில் தடுமாறினர். தாவரங்களை வகுத்துப் பெயரிட்ட பேரறிஞர் இலினேயசு, பேழையைப் பூவின் மகரந்தப்பை என்றும் உள்ளிருக்கும் தூளை மகரந்தம் என்றும் கருதினார். தாம் வகுத்த இருபத்து நான்கு வகுப்புகளுள் இறுதியாகிய மறைமணத் தாவரங்கள் என்னும் வகுப்பிலே பாசிகளை அடக்கினார். அவரது கொள்கையைத் திருத்தியவர் யொகான் ஹெட்விக் என்னும் மருத்துவர். அவர் கெம்னிற்சு, லைப்சிக் ஆகிய ஜேர்மானிய நகரங்களில் வாழ்ந்தவர். 1780களில் அவர் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு, பாசியின் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இலைகளின் நடுவே மறைந்திருப்பதையும், அவற்றின் சேர்க்கையால் விளையும் பயனே பேழை என்பதையும் காட்டினார். அவர் இறந்தபின் 1801ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலே இன்றும் பாசிகளின் அறிவியற் பெயரீட்டுக்குத் தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. பேழையின் வாயிலுள்ள பற்களைக் கொண்டு சாதிகளைப் பிரிக்கும் முறையும் அவரால் உறுதி பெற்றது.

பேழை உருவாகும் வரலாறு ஒரு விந்தை. மழைநீர்ப் படலத்தில் நீந்திச் செல்லும் ஆண் கலம், குடுவை போன்ற பெண்ணுறுப்பின் அடியிலுள்ள முட்டையை அடைந்து சேர்கின்றது. அச்சேர்க்கையால் உண்டாவது நுகம். நுகம் தாயின் உடலிலிருந்து பிரிந்து செல்வதில்லை. தாயின் மேலேயே ஊன்றி, தாய் தரும் உணவைப் பெற்று வளர்கின்றது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் இலைப் பாசி ஒரு தலைமுறை. அதன் தலைமேல் எழும் காம்பும் பேழையும் அடுத்த தலைமுறை. முன்னது புணரித் தாவரம். பின்னது வித்தித் தாவரம். 1851ஆம் ஆண்டில் ஓவ்மைசுற்றர் என்னும் ஜேர்மானிய அறிஞர் இத்தலைமுறை மாற்றத்தைப் பாசி முதல் பன்னம் வரை தொடர்புபடுத்தி விளக்கினார். பேழையின் தொப்பியோ தாயின் உடைமை. குடுவை போன்ற பெண்ணுறுப்பின் சுவர் கிழிந்து பிள்ளையின் தலைமேல் தங்குவதே அது.

வளரும் பேழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், முதலில் நான்கு கலங்கள் ஒரு வட்டத்தின் நான்கு கால்களாக அமைந்திருக்கும். அவை மேலும் பிரிய, நடுவில் ஒரு தொகுதியும் அதனைச் சுற்றி ஒரு தொகுதியும் தோன்றும். நடுத்தொகுதி பெரும்பாலான பாசிகளில் வித்திகளையும் நடுத்தூணையும் தருகின்றது. சுற்றுத்தொகுதி பேழையின் சுவரையும் வாயின் பற்களையும் தருகின்றது. பற்கள் உண்டாகும் முறை குறிப்பிடத்தக்கது. மூன்று கலப்படைகள் ஒன்றனுள் ஒன்றாக வட்டமாய் நிற்கின்றன. அடுத்தடுத்த இரு படைகளுக்கு இடையிலுள்ள பொதுச் சுவர் தடிக்கின்றது. பின்னர் மற்றைய மெல்லிய சுவர்கள் கரைந்து மறைய, தடித்த பகுதி மட்டும் பல்லாக எஞ்சுகின்றது. ஆகவே இத்தகைய பாசியின் பல் ஒரு முழுக் கலமன்று. இரு அயலவர்க்கு இடையே நின்ற வேலியின் எச்சமே அது. போகோனேற்றமும் அதன் உறவினவும் இதற்கு விலக்கு. அவற்றின் பற்கள் முழுக் கலங்களாலேயே ஆனவை. இவ்வொரு வேறுபாடே பாசிகளை இரண்டு பெரும் பிரிவுகளாகக் காட்டிவிடுகின்றது.

பற்களின் எண்ணிக்கையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என இரட்டித்துச் செல்லும் எண்களே மிகுதியாகக் காணப்படுகின்றன. நான்கு கலங்களில் தொடங்கி ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிவதன் விளைவே இந்த எண்கள். மூன்று படைகளில் வெளிப்படையில் முப்பத்திரண்டு கலங்களும் நடுப்படையிற் பதினாறு கலங்களும் பொதுவாக அமைகின்றன. உட்படையின் எண்ணிக்கையே கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகின்றது. ஒரு பெருங் கூட்டத்தில் அது இருபத்து நான்கு. தீப்பட்ட நிலங்களிலும் முளைக்கும் பியூனேரியா என்னும் பாசியில் அது முப்பத்திரண்டு. பிரான்சு நாட்டு அறிஞர் பிலிபேர், 1884 முதல் 1902 வரை எழுதிய கட்டுரைத் தொடரில், பல்லின் வெளிமுகத்திற் செதில்கள் ஒரு நிரையாக உள்ளனவா, இரு நிரையாக உள்ளனவா என்பதை நோக்கி, ஒற்றைச் செதிற் பாசிகள், இரட்டைச் செதிற் பாசிகள் எனப் பிரித்தார். அவர் பல்லின் முகத்திற் படித்த கணக்கைப் பிற்காலத்தவர் வளரும் பேழையின் கலங்களிலேயே எண்ணிக் கண்டனர். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ.யை ஒப்பிட்டபோது, ஒற்றைச் செதிற் பாசிகள் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பது உறுதியாயிற்று.

எனினும் பேழையையும் கண்மூடி நம்புதல் கூடாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுவர்களில் வளரும் ஐயோபிலா என்னும் பாசியின் பேழை வாயிற் பற்களே இல்லை. பற்களில்லாப் பாசிகள் யாவும் ஓரினம் என்று வகுத்தால் பெரும் பிழை நேரும். ஐயோபிலாவின் இலைக் கலங்களும் பிற உறுப்புகளும் அதனை ஒற்றைச் செதிற் கூட்டத்திலேயே சேர்க்கின்றன. அதன் முன்னோர்க்கு இருந்த பற்களை அது இழந்துவிட்டது. இத்தகைய இழப்பு பாசிகளிற் பல முறை தனித்தனியே நிகழ்ந்திருக்கின்றது. உள்ளதொரு நுண்ணிய உறுப்பு உறவைக் காட்டுவது போல, இல்லாமை உறவைக் காட்டுவதில்லை என்பது வகைப்பாட்டியலார் பட்டறிவாற் கற்ற பாடம்.

இனி, கடலுக்கு இறங்கிக் கஞ்சிப்பாசியை நோக்கலாம். தலைமன்னாரிலிருந்து தனுக்கோடி வரை இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் மணற்றிட்டுகள் நீண்டு கிடக்கின்றன. அவற்றுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்குநீரிணை. அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களுக்கு எதிரேயுள்ள பார்களில் முத்துச்சிப்பி விளைந்த காலத்தில் இக்கடல் உலகப் புகழ் பெற்றது. முத்துக்குளிப்பு வீழ்ச்சியுற்ற காரணத்தை ஆராய 1902ஆம் ஆண்டில் வந்த பேராசிரியர் ஏட்மன், சிப்பியை மட்டுமன்றி அக்கடலின் உயிர்வகைகள் பலவற்றையும் சேகரிக்கச் செய்து, ஐந்து பெருந் தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். அதே காலத்தில், 1902-03இல், சுவீடன் நாட்டுத் தாவரவியலார் நில்சு சுவெடேலியசு இலங்கைக்கு வந்து காலிக் கடற்கரையிற் பாசிகளை ஆராய்ந்தார். இலங்கைக் கடற்பாசிகளைத் தொகுத்து விவரிக்கும் நூலொன்றை 1961ஆம் ஆண்டில் துரைரத்தினம் எழுத, இலங்கை மீன்பிடி ஆராய்ச்சி நிலையம் அதனை வெளியிட்டது.

கஞ்சிப்பாசிக்கு அறிவியலார் இட்ட பெயர் கிரசிலேரியா எடூலிசு. எடூலிசு என்பது உண்ணத்தக்கது என்று பொருள்படும் இலத்தீன் சொல். இப்பாசியில் நிலத்துப் பாசியின் காம்பும் இல்லை, மூடியும் இல்லை, பற்களும் இல்லை. ஆனால் கைநிறைய அள்ளிப் பார்த்தால் சில கொடிகளில் மட்டும் கடுகளவான கொப்புளங்கள் தென்படும். அவையே பெண் தாவரத்தின் கனிகள். அறிவியலார் இக்கனியை உறைக்கனி எனலாம். அதன் உச்சியிலே ஒரு துளை. அத்துளை வழியாக வித்திகள் கடல்நீரில் வெளியேறுகின்றன. கொப்புளமில்லாத கொடிகளுட் சில ஆண் தாவரங்கள். வேறு சில மூன்றாவதொரு வகையின. இம்மூன்றும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பாசி அள்ளுவோர் ஒரே சரக்கென்று குவிக்கும் குவியலில் இரண்டு தலைமுறைகளும் கலந்தே கிடக்கின்றன.

செம்பாசியின் ஆண் கலத்துக்கு நீந்தும் உறுப்பே கிடையாது. அலையும் நீரோட்டமுமே அதனைச் சுமந்து செல்ல வேண்டும். பெண் கலமோ தன் உச்சியில் உரோமம் போன்ற ஒரு நீட்சியை வெளியே நீட்டி, மிதந்துவரும் ஆண் கலத்தைப் பற்றிக்கொள்கின்றது. 2022ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுக் கடற்கரை ஆராய்ச்சியொன்று, கிரசிலேரியாவின் இன்னோர் இனத்தில், ஐடோட்டியா என்னும் சிறு ஓட்டுயிர் பாசிகளினிடையே மேய்ந்து திரியும்போது ஆண் கலங்களைத் தன் உடலில் ஒட்டிச் சென்று பெண் தாவரத்துக்குச் சேர்ப்பதைக் கண்டறிந்தது. நிலத்திலே வண்டு பூவுக்குச் செய்யும் தொண்டு, கடலடியிலும் நடைபெறுகின்றது.

சேர்க்கைக்குப் பின் நிகழ்வதே செம்பாசிகளின் வகைப்பாட்டுக்குத் திறவுகோல். சேர்ந்த கலம் நேரே ஒரு புதிய தாவரமாவதில்லை. தாயின் உடலிலேயே தங்கி, ஒரு சிறு நூற்கற்றையாகக் கிளைத்து, அக்கிளைகளின் நுனிகளில் வித்திகளை விளைவிக்கின்றது. ஒரே சேர்க்கையின் பயன் இவ்வாறு நூற்றுக்கணக்கான வித்திகளாகப் பெருகுகின்றது. நீந்தமாட்டாத ஆண் கலத்தை நம்பியிருக்கும் குலத்துக்கு, அரிதிற் கிடைத்த சேர்க்கையை இவ்வாறு பெருக்கிக்கொள்வது பேருதவி. இவ்வித்திகள் கடலிற் சென்று பாறையைப் பற்றி வளர்ந்து முன்கூறிய மூன்றாவது வகைத் தாவரமாகின்றன. அத்தாவரத்தில் ஒடுக்கற்பிரிவு நிகழ்ந்து நான்கு நான்காக உண்டாகும் வித்திகளே மீண்டும் ஆணும் பெண்ணுமாக முளைக்கின்றன.

இந்த நூற்கற்றை எங்கிருந்து எழுகின்றது என்பதை நோக்கியவர் ஜேர்மானியரான பிரீட்ரிக் இசுமிற்சு. சில செம்பாசிகளில், சேர்ந்த கலத்தின் கரு அயலிலுள்ள வேறொரு கலத்துக்கு மாற்றப்படுவதையும், அந்தத் துணைக்கலமே செவிலித்தாய் போல நூற்கற்றையை வளர்ப்பதையும் 1883ஆம் ஆண்டில் அவர் விளக்கினார். செவிலி உண்டா, இல்லையா. உண்டாயின் சேர்க்கைக்கு முன்னரே அமைந்திருக்கின்றாளா, பின்னர் தோன்றுகின்றாளா. தாவரத்தின் எந்தக் கலம் செவிலியாகின்றது என்ற கேள்விகளைக் கொண்டே செம்பாசிகளின் வருணங்கள் வகுக்கப்பட்டன. சுவீடன் நாட்டு இலுண்டு நகரத்துப் பேராசிரியர் அரால்டு கிலின் இம்முறையை நிறைவாக்கினார். அவர் இறந்தபின் 1956ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பெருநூல் செம்பாசிச் சாதிகள் அனைத்தையும் இவ்வடிப்படையில் நிரற்படுத்துகின்றது.

கிலின் தமது முறையிற் கிரசிலேரியாவைக் கைகார்ட்டினேலீசு என்னும் வருணத்தில் வைத்தார். அவ்வருணத்திற் பல தாவரங்கள் கராஜீனன் என்னும் பசையைத் தருவன. கிரசிலேரியா தருவதோ ஏகார் என்னும் வேறு பசை. ஒரே வருணத்துக்குள் இந்த வேற்றுமை நெடுங்காலம் நின்றது. 1989ஆம் ஆண்டில் சூசன் பிரெடெரிக், மாக்சு ஓமர்சாண்டு ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள் கிரசிலேரியாவின் கனி உருவாகும் முறையைக் கலம் கலமாக மீண்டும் ஆராய்ந்தனர். கிரசிலேரியாவிற் செவிலிக்கலம் இல்லை. சேர்ந்த பெண் கலமே அயற்கலங்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டு ஒரு பெருங்கலமாகின்றது. அப்பெருங்கலத்திலிருந்தே நூற்கற்றை நேராக எழுகின்றது. குழாய் போன்ற கலங்கள் கனியின் சுவரோடு அதனைத் தொடுத்து உணவூட்டுகின்றன. இச்சான்றுகளைக் கொண்டு அவர்கள் கிரசிலேரியலீசு என்னும் தனி வருணத்தை நிறுவினர். 1990களில் வந்த டி.என்.ஏ. ஆராய்ச்சி அவர்கள் முடிவை உறுதி செய்தது. உறைகனியின் கலங்கள் சொன்ன உறவும் பசையின் வேதியியல் சொன்ன உறவும் பரம்பரைப் பொருள் சொன்ன உறவும் ஒன்றாயின.

வருணம் இவ்வாறு தெளிந்தபின்னும் சாதியைப் பற்றிய விவாதம் எஞ்சியது. ஆண் கலங்கள் உண்டாகும் நுண்குழிகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை அடிப்படையாகக் கொண்டு, கஞ்சிப்பாசியை ஐட்ரோபுன்சியா என்னும் வேறு சாதிக்கு மாற்றியவர்களும் உளர். மீண்டும் கிரசிலேரியாவிலேயே சேர்த்தவர்களும் உளர். எந்த உறுப்புக்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதே இவ்விவாதத்தின் கரு.

இவையெல்லாம் ஆராய்ச்சிக் கூடத்துக்கு உரிய நுட்பங்கள் தாமே, கடற்கரை மக்களுக்கு இவற்றால் ஆவதென்ன என்று நேயர்கள் வினவக்கூடும். ஏகாரின் பயனை முதலில் நினைத்தல் வேண்டும். நோன்பு மாதத்தில் முசுலிம் இல்லங்களிற் பாலும் சீனியும் சேர்த்து உறைய வைத்துப் பரிமாறும் கடற்பாசி இந்த ஏகாரே. நோய்க்கிருமிகளை வளர்த்து ஆராயும் தட்டுகளிலும் அதுவே பரப்பப்படுகின்றது. 1881ஆம் ஆண்டளவில் உரொபேட்டு கொக் என்னும் அறிஞரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஒருவரின் மனைவி பானி எசே, தம் சமையலிற் பழகிய ஏகாரை இதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசனை கூறினார். இரண்டாம் உலகப் போரில் யப்பானிலிருந்து வந்த ஏகார் தடைப்பட்டபோது, இந்தியாவிலும் இலங்கையிலும் உள்நாட்டுக் கடற்பாசிகளைத் தேடி ஆராய நேர்ந்தது. கராஜீனனைக் கொண்டு இத்தேவையை நிறைவு செய்ய இயலாது. பாலுணவையும் பற்பசையையும் குழைவாக்குவதே அதன் தொழில். ஆகவே பாசியின் பெயர் மாறினால் சரக்கும் மாறும், விலையும் மாறும்.

எதிர்க்கரையில் 1966ஆம் ஆண்டு முதல் வணிகத்துக்காகப் பாசி எடுக்கும் தொழில் நடந்துவருகின்றது. அங்குள்ள மீனவப் பெண்கள் மரிக்கொழுந்துப்பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா எனத் தமிழிலேயே பாசிகளை இனம் பிரித்துப் பெயரிட்டிருக்கின்றனர். மரிக்கொழுந்துப்பாசியும் கஞ்சிப்பாசியும் ஏகாருக்கு. மற்றைய இரண்டும் அல்சினேற்று என்னும் வேறு பசைக்கு. கண்ணாலும் கையாலும் அவர்கள் கண்ட இப்பகுப்பு அறிவியலாரின் பகுப்போடு ஒத்திருப்பது போற்றத்தக்கது. கனி பற்றிய அறிவு இவர்களது தொழிலுக்கு நேரே உதவுவது. கொப்புளங்கள் முதிர்ந்து வித்தி சிந்துமுன்னர் யாவற்றையும் வாரிவிட்டால் மறுபருவத்துக்கு முளை இராது. பாறையைப் பற்றிய அடியையும் சேர்த்துப் பிடுங்கினாலோ அடியிலிருந்து தழைக்கும் வழியும் அடைபடும். அடியை விட்டு நுனியைக் கொய்வதும், வித்தி சிந்தும் வரை காத்திருப்பதும் கடலுக்கும் குடும்பத்துக்கும் ஒருங்கே நன்மை தருவன.

இன்னொரு செய்தியும் மன்னார்க் கடலுக்கு முக்கியமானது. காப்பாபைக்கசு என்னும் பாசி பிலிப்பைன்சுக் கடல்களுக்கு உரியது. கராஜீனனுக்காக அது மண்டபம் பகுதிக்குக் கொணரப்பட்டு, 1990களின் பின்னர் மூங்கில் மிதவைகளிற் பயிராகிப் பல குடும்பங்களுக்கு வருவாய் தந்தது. இலங்கையின் வடகரையிலும் அண்மை ஆண்டுகளில் அது பயிரிடப்படுகின்றது. துண்டுகளை நட்டே அதனைப் பெருக்குகின்றனர். கனியும் வித்தியும் கொண்டு அது பெருகவேண்டியதில்லை. வித்தியாற் பரவாத பயிர் தான் நட்ட இடத்திலேயே நிற்கும் என்று கருதியோர் இருந்தனர். ஆனால் 2008ஆம் ஆண்டில், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே அப்பாசி பவளப் பாறைகளின் மேற் படர்ந்திருப்பது வெளியிடப்பட்டது. ஒரு பாசி பேழையின்றியும், உடைந்த துண்டு ஒன்றினாலேயே தன் நாட்டை விரிக்க வல்லது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. ஆகவே ஒரு புதிய பாசியைக் கடலில் இறக்குமுன் அதன் பெயரையும் குலத்தையும் மட்டுமன்றி, அது பெருகும் வழிகள் அனைத்தையும் தெரிந்துகொள்ளுதல் அறிவுடைமை. மீன் விளையும் பவளப் பாறையும் பாசி விளையும் கடலடியும் ஒரே மக்களின் வயல்கள். ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்கலாகாது.

மதிலிற் படர்ந்த பாசியும் கடலில் மிதக்கும் பாசியும் பெயரால் ஒன்றாயினும் குலத்தால் வெகு தொலைவில் நிற்பவை. ஒன்றன் உறவைப் பேழையின் வாயிலுள்ள பற்கள் சொல்கின்றன. மற்றொன்றன் உறவை உறைக்கனிக்குள் மறைந்த கலங்கள் சொல்கின்றன. ஊசி முனையளவான இவ்வுறுப்புகளைப் பல தலைமுறை அறிஞர்கள் பல நாடுகளிலிருந்து பொறுமையோடு எண்ணி வரைந்ததன் பயனாக, மன்னார்க் கரையில் ஒருவர் கையில் எடுக்கும் கொடி எது, அது எதைத் தரும், எப்போது கொய்யத்தக்கது என்று இன்று கூற முடிகின்றது. வடகீழ்க் காற்று ஓய்ந்து கடல் தெளியும் காலத்தில் அக்கரைக்குச் செல்லும் மாணாக்கர்கள், ஒரு கைலென்சைக் கொண்டு கஞ்சிப்பாசியின் கொப்புளத்தைத் தாமே காணலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கடலிறங்கும் கால்களும் காணும் கண்களுமே போதும்.